கில்வெர்னி துரையின் சாதி

1912, தை மாதம், சனிக்கிழமை. காலை ஆறு மணிக்குப் பாளையங்கோட்டையிலிருந்து மாட்டுவண்டியில் சீவலப்பேரிக்குப் புறப்பட்டோம். ஏறத்தாழ பத்து மைல். வாடகை பன்னிரண்டு அணா. உடன் வந்தவர் பள்ளி ஆசிரியர் ஞானமுத்து. அவருடைய பாட்டனாரின் தகப்பனார் ஸ்காத்லாந்து தேசத்துத் துரை. கல்லறை ஆற்றங்கரையில் இருக்கிறது. ஞானமுத்துவின் மகளைத் தம் மகனுக்குக் கேட்டிருந்த வேதமாணிக்கம், அந்தக் கல்லைப் பார்த்த பிறகுதான் நிச்சயம் என்று சொல்லிவிட்டார். பழைய கல்லெழுத்துப் படிப்பவன் என்று என்னையும் அழைத்தார்கள்.

ஒன்பதே காலுக்குச் சேர்ந்தோம். வேதமாணிக்கம் முன்னரே வந்து கல்லில் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஆங்கில வரிகளுக்குக் கீழே, யாரோ பின்னாளில் தமிழில் வெட்டியது: "கில்வெர்னி துரை, அந்தச் சாதியார்."

"துரைச் சாதிதான் வே! கல்லே சொல்லுதுல்லா!" அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வாத்தியாரே, அடுத்த மாசமே கலியாணத்த வச்சிருவோம்."

நான் வாயை மூடியிருக்கலாம். ஆங்கிலத்தில் இருந்த சொல் 'இல்க்'. இங்கிலீஷ்காரர் அதை இனம் என்ற பொருளில் வழங்குகிறார்கள். நம்மவர் இனம் என்றதும் சாதி என்று வெட்டிவிட்டார். ஸ்காத்லாந்தில் அதற்கு 'அதே' என்றுதான் பொருள். அதாவது 'கில்வெர்னி ஊரின் கில்வெர்னி'; குடும்பத்தின் பெயரும் அவர்கள் ஆண்ட நிலத்தின் பெயரும் ஒன்றே என்பது செய்தி. இதை விளக்கினேன்.

"ஊருக்கே உடையவரா! அந்தப் பட்டம் இப்ப யாருட்ட இருக்கு, அண்ணாச்சி?" என்றார் வேதமாணிக்கம்.

"அது மண்ணோட ஒட்டுன பட்டம். வாத்தியார் வீட்டுல துரையோட கடுதாசி இருக்கு, நான் படிச்சிருக்கேன். அவரு காலத்துலயே நெலத்த ஒரு சாராய யாவாரி வாங்கிட்டான். பட்டமும் அவனுக்குத்தான்."

வேதமாணிக்கம் கல்லிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப சாதியும் இல்ல, பட்டமும் இல்ல. வெறும் வெள்ளக்காரன்! எந்தச் சாதில பொண்ணெடுத்தேன்னு நாலு பேரு கேட்டா, சாராய யாவாரியக் கூட்டியாந்து காட்டவா வே?"

குடையை விரித்துக்கொண்டு போயேவிட்டார்.

அவரும் ஞானமுத்துவும் ஒரே கோயிலில் ஒரே கிண்ணத்தில் திருவிருந்து அருந்துகிறவர்கள். ஸ்காத்லாந்தில் நிலத்தை விற்றவனிடமிருந்து பட்டம் போய்விடுகிறது. இங்கே ஒரு பிழையைத் திருத்தியதில் ஒரு பெண்ணின் கலியாணமே போய்விட்டது.

திரும்பும் வழியில் நாலாவது மைலில் ஞானமுத்து கேட்டார்:

"நீங்க சொன்ன அர்த்தம் சரிதான, அண்ணாச்சி?"

"சரிதான்."

"சந்தேகமே இல்லையா?"

இல்லை என்றேன்.

"அப்ப மகட்ட நீங்களே வந்து சொல்லிருங்க."