அப்பளம் வைத்திருந்த ஓவன்

கேக்கின் தலை கருகிவிட்டது. குச்சியை விட்டுப் பார்த்தால் நடுவில் பச்சை மாவு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஓவனின் சின்னத் திரையோ நூற்றெண்பது டிகிரி என்று ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி காட்டிக்கொண்டிருந்தது. முன்னால் வைத்ததற்கும் இதே கதிதான். அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். எனக்கு உட்கார்ந்து யோசிக்கத் தெரியாது, கால் நடந்தால்தான் தலை வேலை செய்யும். அன்றைக்கு நடந்தும் வேலை செய்யவில்லை.

மறுநாள் சாயங்காலம் கேக் போக வேண்டும். போக வேண்டிய இடம்தான் என்னை அப்படி ஆட்டி வைத்தது.

மானாம்பதியிலிருந்து உள்ளே போனால் எங்கள் கிராமம். ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் காலனி, அந்தப் பக்கம் ஊர். நான் வருஷக்கணக்கில் கேக் செய்கிறேன். எங்கள் சர்ச்சுக்கு, பள்ளிக்கூட டீச்சர்களுக்கு, உத்திரமேரூர் கடைத்தெருப் பையன்களின் பிறந்தநாளுக்கு. ஊரிலிருந்து மட்டும் ஒரு ஆர்டர் வந்ததில்லை. நாங்கள் நட்ட நாற்றும் அறுத்த நெல்லும் அவர்கள் வீட்டுக்குள் போகும், நாங்கள் சமைத்தது போகாது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே இரண்டு பக்கமும் தெரியும்.

அப்படியிருக்க, ஊரில் ஒரு பெரிய வீட்டு மருமகள் போன் போட்டாள். பிள்ளைக்கு முதல் பிறந்தநாளாம். டீச்சர் வீட்டில் என் கேக்கைச் சாப்பிட்டிருக்கிறாள், அதே மாதிரி வேண்டும், மேலே நீல டிராக்டர் வைக்க வேண்டும். மாமியாரிடம் சண்டை போட்டுத்தான் சம்மதம் வாங்கினேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேக் சொதப்பினால் "அப்பவே சொன்னேன் பாரு" என்று ஒரு வாய் அங்கே தயாராக இருக்கும். அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து யாரும் என்னைக் கேட்கவே மாட்டார்கள்.

முதல் கேக் கருகியபோது கரண்டைத்தான் திட்டினேன். கழனியில் மோட்டார்கள் ஓட ஆரம்பித்தால் காலனியில் மின்விசிறி கூட நொண்டும். எங்கள் ஊரில் எது கெட்டாலும் லோ வோல்டேஜ் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். மோட்டார் நிற்கும்வரை காத்திருந்து இரண்டாவது கேக்கை வைத்தேன். அதுவும் கருகியது. நல்ல முட்டை, நல்ல வெண்ணெய். வயிறு எரிந்தது.

மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். உத்திரமேரூரில் மோட்டார் காயில் சுற்றுகிற கடையில் அவருக்கு வேலை. சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓவனின் முதுகைக் கழற்றினார். உள்சுவரில் விரல் நீளத்துக்கு ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே எவ்வளவு சூடு என்று போர்டுக்குச் சொல்வது அதுதான். மீட்டரை வைத்து, கம்பிக்கு லைட்டரைக் காட்டினார். சூடு ஏற ஏற மீட்டரில் எண் சீராக இறங்க வேண்டுமாம். இதுவோ ஏறுகிறது, குதிக்கிறது, திடீரென்று காணாமலே போகிறது.

"சென்சாரு போச்சு. உள்ள ஒண்ணு கீது, இது வெளிய ஒண்ணு சொல்லிக்கினு கீது" என்றார்.

"வேற வாங்கிப் போடு."

"உத்திரமேரூர்ல இன்னா, காஞ்சிபுரத்துலயே கெடைக்காது. மெட்ராஸ்லருந்து கொரியர்ல வரணும். நாளைக்கி வராது."

"அப்ப நான் இன்னா பண்றது?"

"பேக்கரில ஒண்ணு வாங்கி, மேல டிராக்டர் போட்டுக் குடுத்துடு. யாருக்குத் தெரியப்போவுது?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எனக்குத் தெரியும்யா! அவங்க வாயில மொதல்ல வெக்கறது எவனோ சுட்டதா இருக்கணுமா?" என்று கத்தினேன். மனுஷன் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

நடந்துகொண்டே இருந்தபோதுதான் ஞாபகம் வந்தது. போனில் அந்தப் பெண், "எங்க வூட்லயும் இதே ஓவன் கீதுக்கா. எங்கம்மா சீர்ல குடுத்தது. அத்த அதுல அப்பளம் வெச்சிக்கீறாங்க" என்று சொல்லியிருந்தாள். உடனே கூப்பிட்டேன். அதே கம்பெனி, அதே அளவு. சென்சாரை இரவல் தருகிறாயா, புதுசு வந்ததும் திரும்பப் போட்டுவிடுகிறேன் என்றேன். "வாங்கக்கா" என்றாள்.

"நான் வர்ல" என்றார் வீட்டுக்காரர். "அவங்க மோட்டார ரெடி பண்ணிக்கினு போனப்பவே கொல்லப்பக்கமாத்தான் வரச் சொன்னாங்க."

"நீ வராத. ஸ்குரூ டிரைவர மட்டும் குடு."

கொல்லைச் சந்து முழுக்கச் சேறு. ஸ்கூட்டியை அவர்கள் வீட்டுக்கு முன்னால் தெருவில் நிறுத்திவிட்டு, சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். முன்வாசல் திறந்துதான் இருந்தது. ஆனாலும் கால் தானாகச் சுற்றிக்கொண்டு போனது. அதை நினைத்தால் இப்போதும் என் கால் மேலேயே எனக்குக் கோபம் வரும்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மருமகள் பின்கதவுக்கு வந்தாள். "உள்ள வாங்கக்கா, கிச்சன்லதான் கீது. பேசாம இங்கயே கேக்க செஞ்சிடுங்களேன்."

கொல்லையில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்தார். "அந்தம்மா எதுக்கு உள்ள வந்துக்கினு? பெட்டிய இங்க எடுத்தா."

"அப்ப ஓவனையே எடுத்துக்கினு போவட்டும் அத்த."

"சீர் சாமான வூட்ட விட்டு அனுப்புவாங்களா? உள்ள இன்னா வேணுமோ அத மட்டும் கயட்டிக்கட்டும்."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வருகிறது, துணியை எடு என்பதுபோலச் சொன்னார். மருமகளின் முகம்தான் சிவந்துவிட்டது. குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, அவ்வளவு பெரிய பெட்டியைத் தானே மூச்சு வாங்கத் தூக்கி வந்து துணி துவைக்கிற கல்லின்மேல் வைத்தாள். உள்ளே இருந்த அப்பளக் கட்டுகளையும் மோர்மிளகாயையும் முறத்தில் கொட்டினாள். நான் பேசினால் கேக்கும் போய்விடும், கம்பியும் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்குரூவைக் கழற்றினேன். பின்னால் போர்டில் செருகியிருந்த கிளிப் வரமாட்டேன் என்றது. என் அவசரத்துக்கு ஒயரைப் பிய்த்திருப்பேன். "மெதுவாக்கா" என்று அவள்தான் நகத்தால் அழுத்தி எடுத்துக் கொடுத்தாள்.

அதைக் கொண்டுவந்து என் ஓவனில் மாட்டினேன். சூடு ஏறும்போது மோர்மிளகாய் வாசனை வந்தது, கொஞ்சம் பயந்தேன். காலி ஓவனையே நன்றாகக் காயவிட்டு, வாசனை போன பிறகு கேக்கை வைத்தேன். கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பதும் வாசலுக்கு ஓடுவதுமாக இருந்தேன். "நீ ஓடறதுல அது வேகுமா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் பண்ணினார். கேக் சமமாக எழும்பி, ஓரம் முதல் நடுவரை ஒரே பழுப்பாக வந்தது. ஒரு முத்தம் கொடுத்திருப்பேன், சுட்டுவிடும் என்று விட்டேன்.

மறுநாள் டிராக்டரோடு கேக்கைக் கொண்டுபோய்ப் பின்கதவில் கொடுத்துவிட்டு வந்தேன். ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. மாமியார் வாய் கொள்ளாமல் கேக்கைத் திணித்துக்கொண்டு சிரிக்கிறார், மூக்கில் நீல க்ரீம். அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தேனோ தெரியாது. சந்தோஷமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

கொரியரில் புது சென்சார் வந்ததும் பழையபடி சுற்றிக்கொண்டு போய், கொல்லையில் செருப்பை விட்டுவிட்டு அவர்களுடையதை நீட்டினேன். மாமியார் மட்டும் இருந்தார்.

"கேக்கு நல்லா இருந்திச்சிம்மா. வாயில வெச்சா கரையுது" என்றார். அப்புறம் என் கையைப் பார்த்தார். "அது உன் அடுப்புல கெடந்தது. நீயே வெச்சிக்கோ. எங்களுக்கு அப்பளம் வெக்க அது எதுக்கு?"

அவ்வளவுதான். உள்ளங்காலிலிருந்து உச்சிவரை பற்றிக்கொண்டு வந்தது. நான் சுட்டது வயிற்றுக்குள் போகலாம், அதைச் சுட்ட கம்பி வீட்டுக்குள் வரக்கூடாதா? அதுவும் அவர்கள் வீட்டுக் கம்பி!

"இல்லம்மா. எடுத்த எடத்துல வெச்சிட்டுத்தான் போவேன்" என்றேன். குரல் எனக்கே கணீரென்று கேட்டது. மருமகள் ஓடி வந்தாள். உள்ளே போய் ஓவனைத் தூக்கி வந்து கல்லில் வைத்தாள். மறுபடி அப்பளம், மறுபடி முறம். கம்பியை உள்ளே விட்டு ஸ்குரூவை முடுக்கி, கிளிப்பைச் செருகி, முதுகுத் தகட்டை மூடினேன்.

"ஓடுதான்னு பாக்கணும். பிளக்கு எங்க?"

"இதுக்குப் பெரிய பிளக்கு வேணும்க்கா. அது கிச்சன்ல மட்டுந்தான் கீது."

மாமியார் முந்திக்கொண்டார். "ஓடுனா இன்னா, ஓடாட்டி இன்னா? வெச்சிட்டுப் போம்மா."

"ஓடாட்டி நாளைக்கி நான்தான் சீர் சாமானக் கெடுத்துட்டேன்னு பேரு வரும்."

நான் குனிந்து ஓவனைத் தூக்கினேன். மருமகள் முன்னால் போய்க் கதவை அகலத் திறந்து, கீழே கிடந்த வெங்காயக் கூடையைக் காலால் தள்ளி வழி விட்டாள். மாமியார் நிலைப்படியோடு நின்றுவிட்டார்.

அந்த அடுப்படியைப் பற்றி என்னென்னவோ நினைத்து வைத்திருந்தேன். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சுவர், என்னிடம் இருக்கிற அதே மிக்சி, மூடி தொலைந்த டப்பாக்கள். இதற்குத்தானா இத்தனை காலம் என்று தோன்றியது. பிளக்கைச் செருகி நூற்றெண்பது வைத்தேன்.

"இன்னும் எம்மாநேரம் ஆவும்?" என்றார் மாமியார், நிலைப்படியிலிருந்தே.

"சூடு ஏற வேணாமாம்மா?" என்றேன். ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காத நான் அங்கே நட்டு வைத்த கல்லாட்டம் நின்றேன். எண் மெதுவாக ஏறியது. நூற்றெண்பது வந்ததும் ஓவன் கீச்சென்று கூவியது. அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்த குழந்தை கை தட்டியது.

"இப்டியே வாங்கக்கா, வண்டி முன்னாடிதான நிக்குது" என்று மருமகள் கூடம் வழியாகக் கூட்டிக்கொண்டு போனாள். முன்வாசல் படிவரை வந்த பிறகுதான் காலைப் பார்த்தேன். செருப்பு கொல்லையில் கிடக்கிறது. எங்கள் அப்பா காலத்தில் அந்தத் தெருவில் காலனிக்காரர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். இப்போது அப்படி யாரும் சொல்வதில்லை. இருந்தாலும் அன்றைக்கு அந்தத் தெருவில் வெறுங்காலை வைக்க எனக்கு மனசில்லை. படியிலேயே நின்றேன்.

"செருப்பு பின்னாடி கீது" என்றேன்.

"இருங்கக்கா" என்று போனவள், இடுப்பில் குழந்தையும் கையில் என் செருப்புமாகத் திரும்பி வந்தாள். குனிந்து படியில் வைத்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. கோபக்காரிக்கு அழுகை வந்தால் பெரிய பேஜார், எங்கே பார்ப்பது என்றே தெரியாது.

உள்ளே இருந்து மாமியார் குரல் கேட்டது. "ஏம்மா, பெட்டி நெருப்பாட்டம் கொதிச்சிக்கினு கீது! இந்த அப்பளத்த நான் எதுல வெக்கறது?"

"டின்னுல வைங்க அத்த" என்றாள் மருமகள், திரும்பாமலே. "ஓவன் இனிமே எனக்கு வேணும்."