டாக்டர் வஹீபின் கல்யாணப் படம்

செய்தி வந்தபோது காலை பத்து இருபது. சுங்க அதிகாரி ஒருவர் நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி டாக்டருக்காகக் காத்திருந்தார். டாக்டர் வஹீப் டிராமில் உட்கார்ந்த வாக்கிலேயே இறந்துவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். அவருடைய பல் கிளினிக்கில் இருபத்திரண்டு வருடமாக எக்ஸ்ரே எடுப்பவன் நான். அதிகாரியிடம், வாயை மூடிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னேன்.

எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியில் நோயாளிகளின் பற்களைவிட அதிக நேரம் கிடந்தது டாக்டரின் கல்யாணப் படச்சுருள்தான். படத்தில் இருக்கும் ஒருவர் இறந்தால், நாற்பதாம் நாள் பூசைக்கு மறுநாள், சொத்தையைக் குத்திப் பார்க்கும் கொக்கியால் அவரை ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் சுரண்டி எடுப்பார். ஒரு வினாடிக்கு இருபத்துநான்கு கட்டம். திரையில் ஓட்டும்போது, ஆள் இருந்த இடத்தில் வெள்ளை வெளிச்சம் நடுங்கும். படம் பதிந்திருக்கும் மருந்துப் பக்கம் எது என்று அறிய ஃபிலிமை உதட்டில் ஒற்றிப் பார்ப்பார், ஒட்டினால் அதுதான். “பெரிய மாமா இன்னும் பாதி நிக்கிறாரு, நீங்க கொஞ்சம் கொப்பளிச்சிட்டிருங்க” என்பார் நோயாளியிடம்.

உறவினர்கள் அவர் முன்னால் இருமுவதில்லை. மத்தில்டா அத்தை ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் தொலைபேசியில் கேட்பார்: “டேய், நான் இன்னும் இருக்கேனா?”

“இருக்கே அத்தை. கேக் பக்கத்துலயே நிக்கிறே.”

டாக்டர் ஒரே ஒரு முறை தவறினார். சித்தப்பா மகன் ஷௌக்கி குவைத்தில் இறந்துவிட்டதாகக் கடிதம் வந்தது. நாற்பது நாள் பொறுத்துச் சுரண்டினார். மூன்றாம் மாதம் ஷௌக்கி பல்வலியோடு வந்து நின்றார். சுரண்டிய மருந்து திரும்ப வராது. டாக்டர் அவரைக் கட்டம் கட்டமாக மையால் வரைந்து உள்ளே சேர்த்தார். கல்யாணத்தில் அவர் மட்டும் நீலம். சினிமாக் கழகத்தில் படத்தை ஒருமுறை திரையிட்டபோது, அந்த நீலம் நாடிழந்தவனின் தனிமை என்று ஒரு விமர்சகர் நாற்பது நிமிடம் பேசினார். டாக்டர் பணிவாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: “கறுப்பு மை தீந்துபோச்சுப்பா.”

உறவுகளை இப்படிச் சுரண்டுவது பாவம் என்று மனைவி இவோன் அந்தப் படத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனாலும் டாக்டர் அவரிடம்தான் சொல்லி வைத்திருந்தார்: “என் முறை வந்தா நீதான் பண்ணணும். கையைக் கோத்துட்டு நிக்கிறோம், பாத்துச் சுரண்டு. உன் விரலும் சேந்து போயிரும்.”

நேற்று நாற்பத்தோராம் நாள். இவோன் வந்து விளக்குப் பெட்டியைப் போட்டார். ஃபிலிமை உதட்டில் ஒற்றினார். எடுக்க வெகுநேரமாயிற்று. பிறகு கொக்கியை எடுத்து முதல் கட்டத்தில் வைத்தார். கூட வந்திருந்த ஷௌக்கி மெல்லச் சொன்னார்:

“கொஞ்சம் பொறுங்க அண்ணி. என்னையும் நாப்பது நாள் கழிச்சுத்தான் சுரண்டினாரு.”

இவோன் கொக்கியைத் தட்டில் வைத்துவிட்டார்.

முதல் கட்டத்தில், மாப்பிள்ளையின் இடது காதில் ஒரு கீறல் இருக்கிறது. மற்றபடி முழுசாக நிற்கிறார்.