கோபமில்லாமல் கத்தும் வீடுகள்

முகவரியை யாருக்கும் சொல்லாவிட்டால் நம் வலைப்பூவை யாரும் படிக்க முடியாது என்று நம்பியிருந்தேன். பதினெட்டு வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன்; எனக்கு மூளை உண்டு என்று மனைவியே ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறாள். இருந்தும் நம்பினேன்.

ஹைதராபாத்தில் சைனிக்புரிப் பக்கம் ஒரு பள்ளி. ஒன்பதாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளுக்கும் நான்தான் ஆங்கிலம். வீட்டுக்கு வீடு பிராட்பேண்ட் வந்துவிட்டதால், என்ன கட்டுரை கொடுத்தாலும் மறுநாள் இணையத்திலிருந்து இறங்கி வந்து நிற்கும். ‘என் தந்தை’ என்று கொடுத்தால் அத்தனை தந்தைகளும் ஞாயிற்றுக்கிழமை படகில் மீன் பிடிக்கப் போவார்கள். ஹைதராபாத்தில் எந்த ஆற்றிலடா என்றால் முழிப்பான்கள். அந்த எரிச்சலைக் கொட்டத்தான் வலைப்பூ. பெயர் போடமாட்டேன். பார்த்தவர்கள் பதினொன்று என்று காட்டும், பதினொன்றும் நான்.

அந்த ‘என் தந்தை’யை ஏ பிரிவில் சொந்தமாக எழுதியவள் ஒருத்திதான், வகுப்பு லீடர். அவள் அப்பாவுக்கு மல்லாபூரில் தொழிற்சாலை வேலை. இயந்திரச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. ‘எங்கள் வீட்டில் கோபமில்லாமல் கத்துவோம்’ என்று எழுதியிருந்தாள். நாற்பது நோட்டில் அந்த ஒரு வரிக்குத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதை அவள் நோட்டிலேயே எழுதிப் பாராட்டியிருக்கலாம். நானோ முழுப் பத்தியையும் வலைப்பூவில் போட்டு, ‘இந்த வீட்டுக்கு விருந்துக்குப் போகிறவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளவும்’ என்று கீழே ஒரு நையாண்டி. படிக்க ஆளில்லாததால் நானே சிரித்தும் கொண்டேன்.

அடுத்த வாரம் பி பிரிவுக்கும் அதே தலைப்பு. நோட்டுகள் வந்தன, மறுநாள் திருத்த உட்கார்ந்தேன். பத்து பேரின் அப்பாக்களுக்கு மல்லாபூரில் வேலை. அதில் ஒருவன் ஓய்வுபெற்ற கர்னலின் மகன். பத்து வீட்டிலும் கோபமில்லாமல் கத்தினார்கள். நான்கு பேர் பஞ்சைக்கூட விடவில்லை.

தலைப்பை இணையத்தில் தேடியிருக்கிறான்கள், என் பக்கம் வந்து நின்றிருக்கிறது. காப்பியடித்தாயா என்று அதட்டவும் வழியில்லை. எங்கிருந்து என்று சொல்லிவிட்டால்? வேலை போனால் இன்னொரு பள்ளி. அவள் மட்டும் இதைப் படித்துவிடக் கூடாது.

கம்ப்யூட்டர் லேபுக்கு ஓடினேன். அங்கிருந்த ஆசிரியர் மூன்று தலைமுறையாக இந்த ஊர்த் தமிழர். ‘ஏன்’ என்பதற்குக் ‘கைக்கு’, ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஹவ்’ என்று ஊர் உருது கலந்துதான் பேச்சு வரும்.

“இதை அழிக்கணும். இப்பவே.”

“கைக்கு சார் இவ்ளோ டென்ஷன்? ரெண்டு க்ளிக்.”

“அப்புறம் யார்கிட்டயும் இருக்காதே?”

“இங்கேர்ந்து போயிடும். காப்பி எடுத்தவன் நோட்ல இருக்குமே, அதை என்ன பண்ணுவீங்க?”

“தண்ணி கொட்டிடவா?”

“பத்து நோட்லயும் கரெக்டா அந்தப் பக்கத்துலயா? ஹவ் சார், யாருக்கும் சந்தேகமே வராது.”

அழித்தேன். பத்து நோட்டையும் என் அலமாரியில் பூட்டினேன். கேட்டவர்களிடம் தொலைந்துவிட்டது என்று சொன்னேன். இரண்டு நாள் துப்பறியும் மன்னன் போல அவள் முகத்தையே நோட்டம் விட்டேன். ஒன்றும் தெரியவில்லை. தப்பித்தோம் என்று அன்று கேண்டீனில் இரண்டு சமோசா சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் ஏ பிரிவு நோட்டுகளைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள்.

“பி செக்‌ஷன் நோட்டு தொலைஞ்சிடுச்சாம், சார்?”

“ஆமாம்மா. எங்கே போச்சுன்னே தெரியல.”

“அன்னிக்கு அவங்க லீடர் லீவு. நான்தான் சார் கொண்டுவந்து வெச்சேன். வரும்போது மேல இருந்ததைப் படிச்சேன். அன்னிக்கு ராத்திரியே நெட்லயும் பார்த்தேன்.”

“அதை யார் எழுதினாங்களோ...”

“அந்தப் பத்தியை நீங்க மட்டும்தான சார் படிச்சீங்க.”

மேஜையில் சிவப்புப் பேனாவைத் தேடினேன். கையில்தான் இருந்தது.

“சும்மா ஒரு ஜோக்குக்காக எழுதினதும்மா.”

“ஹவ் சார். அப்பாகிட்ட காட்டல.”

போய்விட்டாள். மேலே இருந்த அவள் நோட்டைத் திறந்தேன். புதுக் கட்டுரை, ‘நான் பார்த்த மழை’. கடைகளில் விற்கும் கைடில் இருக்கிற அதே மழை, ஒரு வரி மாறாமல். அந்த வருஷம் முழுக்க அவள் கைடைப் பார்த்துத்தான் எழுதினாள். நானும் ஒவ்வொரு முறையும் பத்துக்கு எட்டு போட்டேன்.