நான்கு மூலையும் ஒரே நிறம்

ஓவன் பழுது பார்க்கும் தொழிலில் கைக்கு முன்னால் காது வேலை செய்ய வேண்டும். நான் கல்லூரியில் இயற்பியல் படித்த காலத்தில், இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டையை ஆய்வகத்தில் சுடரில் காட்டுவார்கள். அது மெல்ல வளைந்து 'டிக்' என்று ஒரு திருகைத் தொடும். பக்கத்து அறையில் யாரோ வளையலைக் கழற்றி வைத்தது போல அவ்வளவு சின்னச் சத்தம். பல ஓவன்களுக்குள் சூட்டைக் கட்டுப்படுத்துவதும் அதே மாதிரிப் பட்டைதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதே கல்லூரியில் ஆய்வக உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றேன். கணவர் போன பிறகு வீடு தேவைக்கு மேல் பெரிதாகிவிட்டது. பழங்காநத்தத்தில் தம்பி நடத்தும் சர்வீஸ் கடைக்குப் போகத் தொடங்கினேன். கோளாறைக் கண்டுபிடிப்பது நான், திருகைக் கழற்றுவது மெக்கானிக் சிக்கந்தர். யாருக்கும் பாடம் நடத்தாத என்னை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு பக்கம் கருகி மறுபக்கம் வெளுத்த கேக்கின் முன்னால் பெருமூச்சு விட்டிருக்கும் சக துயராளிகளே, இது உங்களுக்குத்தான்.

மூச்சு

எங்கள் கடைக்குப் பின்தெருவில் ஒரு வீடு. கேக் பாதி வெந்துகொண்டிருக்கும்போது ஓவன் தானாக அணைந்துவிடுகிறது என்றார் அந்த அம்மா. போய்ப் பார்த்தோம். பழைய பட்டுப் பாவாடையை வெட்டி, ஓரத்தில் கொசுவம் வைத்து, ஓவனுக்கு ஓர் உறை தைத்துப் போட்டிருந்தார். கதவு மட்டும்தான் வெளியே தெரிந்தது. பின்பக்கத்துக் காற்றுத் துளைகள் எல்லாம் பட்டுக்குள். வெப்பம் வெளியேற வழியில்லாமல், பாதுகாப்பு ஸ்விட்ச் தன் கடமையைச் செய்து அணைத்துக்கொண்டிருந்தது. தீப்பிடிக்காததே அதிர்ஷ்டம்.

தையல் அவ்வளவு நேர்த்தி. கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சூடா இருக்கும்போது போடாதீங்கம்மா, அதுவும் மூச்சு விடணுமில்ல" என்று மெதுவாகச் சொன்னேன். அவர் கொசுவத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இந்த வீட்ல நான் மூச்சு விடுறதையே யாரும் பாத்ததில்ல. இது விடுறதை நான் எங்கிட்டுப் பாக்குறது, டீச்சர்?"

அப்பளம்

பாண்டீஸ்வரி பேரையூர்க்காரி. அப்பா அம்மா அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். அவளுக்கு நூல் மில்லில் பகல் ஷிப்ட். பஞ்சுத் தூசியில் இருமல் பிடித்துக்கொண்டது. அந்தத் தூசியை விட்டு வெளியே வந்தால்தான் சரியாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலைக்குப் போய்வந்து மாலையில் கேழ்வரகு பிஸ்கட் சுடுவாள். எங்கள் தெருவில் இருக்கும் பலகாரக் கடைக்காரர், தட்டு முழுக்க ஒரே நிறமாக வந்தால் வாராவாரம் எடுத்துக்கொள்கிறேன் என்றிருந்தார். அவர் எடுத்தால் மில்லை விட்டு நிற்கலாம். ஆனால் தட்டின் முன்பக்க இடது மூலை மட்டும் வெளுத்தே வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். எங்களுக்காக அவள் ஒரு தட்டைத் தயாராக வைத்திருந்தாள். அதில் வரிசை வரிசையாக அப்பளம். ஓவனில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்திருக்கிறாள். பின்பக்கத்து வலது மூலையில் கொப்புளித்துச் சிவந்திருந்தது. வர வர நிறம் குறைந்து, முன்பக்கத்து இடது மூலையில் அப்பளக் கட்டிலிருந்து பிரித்த மாதிரியே கிடந்தது. சூடு எங்கே குறைகிறது என்று அறிய நாங்கள் ரொட்டித் துண்டுகளை அடுக்கிப் பார்ப்போம். இது அதைவிட நுணுக்கமான வரைபடம்.

ஹீட்டிங் காயில் சரியாக இருந்தது. காற்றாடியும் சுற்றியது. சிக்கந்தர் ஒரு ஊதுபத்தி கேட்டு வாங்கி, கதவின் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனார். இடது ஓரத்தில் புகை சட்டென்று வெளியே சாய்ந்தது. திறந்த கதவின் மேலேயே கனமான தட்டுகளை வைத்து வைத்துக் கீல் தொய்ந்திருக்கிறது. அந்த இடுக்கில் சூடு ஒழுகுகிறது. கீலையும் ரப்பர் பட்டியையும் மாற்றினோம். "அப்பளம் வச்சுப் பாக்க எப்படிம்மா தோணுச்சு?" என்று கேட்டேன். "பிஸ்கட்டு வீணாப் போனா போனதுதான். அப்பளம்னா ராத்திரி ரசத்துக்கு ஆகும்ல, டீச்சர்!"

சும்மா இருப்பது

அந்த வாரமே சோழவந்தானில் ஒரு வெற்றிலை விவசாயி. மனைவிக்குப் பிடிக்கும் என்று தானே கேக் செய்யக் கற்றுக்கொண்டவர். எத்தனை முறை செய்தாலும் நடுவில் குழி விழுகிறது, ஓவனில் சூடு நிற்கவில்லை என்றார். எல்லாவற்றையும் சோதித்தோம். ஒரு குறையும் இல்லை. "எங்க முன்னாடி ஒண்ணு செய்யுங்க" என்றேன். மாவை வைத்து மூடினார். கொஞ்ச நேரத்தில் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார். ஒவ்வொரு முறையும் உள்ளிருந்த சூடு முகத்தில் அடித்துவிட்டு ஓடியது. "வேகுற வரைக்கும் திறந்து பாக்காதீங்க, அதான் குழி விழுது" என்றேன்.

"கொடிக்கால்ல ஒவ்வொரு கொடியா தொட்டுப் பாக்குறவன் நான். இதைப் பாக்கக் கூடாதுங்கிறீகளே!" என்று சண்டைக்கு வந்தார். சிக்கந்தர் புது மாவை வைக்கச் சொல்லி, ஒரு நாற்காலியை ஓவனுக்கு எதிரே போட்டு, "கண்ணாடி வழியா மட்டும் பாருங்கண்ணே" என்று உட்கார வைத்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த அழகை என்னால் மறக்க முடியாது. கேக் குழியில்லாமல் எழும்பியது. கதவருகே நின்றிருந்த மனைவி சொன்னார்: "கல்யாணம் ஆன நாள்லருந்து இவுக இம்புட்டு நேரம் சும்மா இருந்து இப்பத்தான் பாக்குறேன்."

சாயங்காலக் கரண்ட்

பேரையூரிலிருந்து பாண்டீஸ்வரியின் போன் வந்தது. "டீச்சர், இப்ப நாலு மூலையும் ஒத்துமையா வெளுத்திருக்கு!" சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பின்னாலேயே இருமல். அவள் ஷிப்ட் முடிந்து வரும் நேரத்துக்கு நாங்களும் போய்ச் சேர்ந்தோம். இந்த முறை மீட்டரை ஓவனில் வைக்கவில்லை, சுவரில் இருக்கும் பிளக்கில் வைத்தேன். முள் நோஞ்சான் மாதிரி பாதியில் நின்றது. கோடை தொடங்கியதால் சுற்றியிருக்கும் தோட்டங்களில் இப்போது சாயங்காலம் மோட்டார் ஓடுகிறது. வோல்டேஜ் கால்பங்கு இறங்கினாலே சூடு ஏறக்குறைய பாதியாகிவிடும். ஸ்டெபிலைசர் போடலாமா என்று கேட்டாள். இவ்வளவு இறக்கத்தை அது தாங்காது என்றார் சிக்கந்தர்.

மத்தியானத்தில் கரண்ட் நன்றாக இருக்கிறது. ஆனால் மத்தியானம் அவள் மில்லில் இருக்கிறாள். மில்லை விடுவதற்கு நல்ல பிஸ்கட் வேண்டும், நல்ல பிஸ்கட்டுக்கு மத்தியானம் வேண்டும், மத்தியானத்துக்கு மில்லை விட வேண்டும். நான் எந்த மின்சுற்றுப் படத்திலும் இப்படி ஒரு சுற்றைப் பார்த்ததில்லை. அவள் ஓவன் கதவைச் சாத்தினாள். பிறகு, "நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கிறேன். பகல்ல சுடுறேன்" என்றாள். "அப்போ எப்பம்மா தூங்குவே?" என்றேன். "தூக்கம் எங்கிட்டு ஓடிரப் போகுது? மொதல்ல பிஸ்கட்டு செவக்கட்டும், டீச்சர்."

கடைக்காரர்

நைட் ஷிப்ட் முடிந்த கையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். முந்தின நாள் மத்தியானம் சுட்டது டப்பாவில் இருந்தது. தலைமுடியில் இன்னும் பஞ்சு. "நீங்களும் கூட வாங்க டீச்சர், நான் தனியாப் போக மாட்டேன்" என்றாள். சிக்கந்தரிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கடைக்காரர் அதிகம் பேசாதவர். செய்தித்தாளை விரித்து டப்பாவைக் கவிழ்த்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கினார். புரட்டி அடிப்பக்கத்தைப் பார்த்தார். ஒன்றை உடைத்தார். அந்த ஒடியும் சத்தம் சுத்தமாக இருந்தது. பாண்டீஸ்வரி இருமலை அடக்கிக்கொண்டு முந்தானையை வாயில் வைத்திருந்தாள். கடைக்காரர் பாதியை மென்றுகொண்டே நிமிர்ந்தார். "பூராம் ஒரு வயித்துப் பிள்ளைக மாதிரில்ல இருக்கு! திங்கக்கிழமை கொண்டாம்மா."

பாண்டீஸ்வரி மில்லை விட்டு நின்றாள், இரண்டாவது ஓவனும் வாங்கினாள், அன்றிலிருந்து எங்கள் கடைக்குக் கோளாறு என்று அவளிடமிருந்து ஒரு போன்கூட வந்ததில்லை.