திண்டிவனத்தில் அச்சான பங்கர்

வீட்டில் த்ரீடி பிரிண்டர் வைத்துப் பிழைப்பவர்களுக்குத் தெரியும்: மெஷின் பதினோரு மணி நேரம் ஒழுங்காக ஓடும், பன்னிரண்டாவது மணியில் கரண்ட் போகும். என்னைப் போல வீட்டு பிளான் வரைந்துகொண்டு, மிச்ச நேரத்தில் சாவிக்கொத்தும் சாமி சிலையும் அச்சடிக்கும் சக ஜீவன்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படம்

ஆரோக்கியசாமி சார் ரிட்டயர்டு ஹவில்தார். இப்போது ஏ.டி.எம். வாசலில் செக்யூரிட்டி. தொண்ணூறுகளில் எல்லைப் பனிமலையில் தான் இருந்த பங்கரை, அதாவது ராணுவப் பதுங்கிடத்தை, ஷூ டப்பா அளவில் செய்து தரணும், எல்லாம் இருந்தது இருந்தபடி வரணும் என்று கேட்டு வந்தார். நான் நெட்டில் தேடி, சிமென்ட் கூரையும் இரும்புக் கதவுமாக ஒன்றை வரைந்து காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது தண்ணி டேங்கும்மா. நாங்க மூட்டைக்குள்ள படுத்துக்கினு இருந்தோம்."

மூட்டைப் பாடம்

ஒரு மணல் மூட்டையை வரைந்து, அதையே இருநூறு தடவை காப்பி எடுத்து அடுக்கினேன். நம் தொழிலில் அதற்குப் பெயர் திறமை. சார் ஒத்துக்கொள்ளவில்லை. மூட்டையை முக்கால்தான் நிரப்புவார்களாம், தட்டித் தட்டையாக்குவார்களாம், கட்டிய வாய் வெளியே தெரியக்கூடாதாம், செங்கல் மாதிரி இணைப்பு மாறி மாறி வரணுமாம். நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு, மறுநாள் பன்னிரண்டு அரிசிப் பையும் ஒரு தட்டுவண்டி மணலும் கொண்டுவந்து எங்கள் கேட்டுக்கு நடுவில் மூன்று வரிசை கட்டினார். நான் டேப் பிடித்து அளந்துகொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்து, உள்ளே நுழைய வழியில்லாமல் நின்றார்.

"யாரோட சண்டைன்னு எனக்கும் சொல்லிடுங்க சார்."

இறங்கிய கூரை

மூன்றாவது அச்சில் சுவர் அருமையாக வந்தது. ஆனால் கூரைக்கு அடியில் முட்டு கொடுக்க மறந்திருந்தேன், நடுவில் உள்வாங்கிவிட்டது. நான் சுவரைக் காட்டினேன். அவர் கூரையையே பார்த்தார். உட்கார்ந்து, தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

பிறகுதான் சொன்னார். அந்த பங்கரில் இரண்டு பேர். இன்னொருவர் திருவெண்ணெய்நல்லூர் ராஜவேல். தண்ணீருக்குப் பனி அள்ள இவர் வெளியே போயிருந்த நேரம், மேலிருந்து பனி சரிந்து, உள்ளே இருந்த ராஜவேல் மேலேயே கூரை இறங்கிவிட்டது. துக்கம் விசாரிக்கப் போனபோது ராஜவேலின் மனைவி கஸ்தூரி, "அவரு எந்த மாதிரி எடத்துல இருந்தாரு?" என்று கேட்டதற்கு இவர் பங்கர் என்று மட்டும் சொன்னார். கஸ்தூரி மனதில் அது ஓர் இருட்டுக் குழியாகவே தங்கிவிட்டது. அடுப்பு இருந்தது, பலகைக் கட்டில் இருந்தது, வெயில் வரும் துவாரம் இருந்தது, சீட்டாடிச் சிரித்தோம் என்றெல்லாம் சொல்ல அன்றைக்கு இவருக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கே போகவில்லை. நான் அந்த அச்சை எடுத்து ஒளித்து வைத்தேன்.

"இன்னொண்ணு போடும்மா. இது அந்தப் பொண்ணு கண்ணுல பட வேணாம்."

பஸ்ஸில்

கூரை இறங்காத புது அச்சோடு கஸ்தூரி வீட்டுக்குத் தனியாகப் போக அவருக்குத் தைரியமில்லை. நானும் கிளம்பினேன். விழுப்புரத்தில் பஸ் மாறியதும் சீட்டு கிடைத்தது. டப்பாவை மடியில் வைத்து, பள்ளத்துக்குப் பள்ளம் அவர் அணைத்துப் பிடிப்பதைப் பார்த்த கண்டக்டர், "கேக்கா பெரியவரே? சாயாம புடிங்க" என்றார்.

"கேக் இல்ல தம்பி, வீடு."

கஸ்தூரி வீட்டில்

கஸ்தூரி தையல்காரர். தைத்துக்கொண்டிருந்த பாவாடையை ஒதுக்கி, மெஷின் பலகை மேலேயே பங்கரை வைக்கச் சொன்னார். சார் கூரையைத் தூக்கினார். தகர அடுப்பு, குண்டுப் பெட்டியில் செய்த அலமாரி, ஒவ்வொன்றாகக் காட்டினார். கஸ்தூரி குனிந்து உள்ளே பார்த்தார். கடைசியில், "எது அவரு கட்டிலு?" என்று கேட்டார். வாசல் பக்கம் தன்னுடையது, உள்சுவரை ஒட்டியது ராஜவேலுடையது என்றார் சார். கஸ்தூரி சுண்டுவிரலை அந்தக் கட்டில் மேல் வைத்தார். சிரிப்பு முதலில் வந்தது, கண்ணீர் பிறகு வந்தது.

"அங்கயும் செவுத்துப் பக்கந்தானா? வூட்ல ஒரு நாள்கூட எனக்கு அத வுட்டுக் குடுத்ததில்லண்ணா."

எத்தனையோ வீட்டுக்கு பிளான் போட்டிருக்கிறேன், வாஸ்து பார்க்காமல் ஒருவர் ஒத்துக்கொண்டது இந்த ஒரு வீட்டைத்தான்.