சுவரில் வழியும் செம்மண் கறை

பன்விலப் பக்கம் தேயிலை மலைச்சரிவில் இருக்கும் அந்தப் பழைய துரை பங்களாவுக்கு வருகிறவர்கள், முதலில் பூந்தோட்டத்தின் விளிம்பில் நிற்கும் கைப்பிடிச் சுவரைத்தான் படம் பிடிப்பார்கள். வயிறு பெருத்த குட்டித் தூண்கள் வரிசையாக நிற்கும். மேலே தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு மலையைப் பார்க்கலாம். என் கண்ணோ அதற்குக் கீழே போகும். அங்கே தோட்டத்து மண்ணைத் தாங்கி நிற்கும் கருங்கல் சுவரில் தண்ணீர் வடிய வரிசையாக ஓட்டைகள். ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் செம்மண் கறை வழிந்திருக்கும். அழகில்லைதான். ஆனால் அதைப் பார்த்தால்தான் எனக்கு மனம் ஆறும்.

பங்களாவை ஹோட்டலாக்கிய புதிதிலேயே நான் அங்கே கிளாக்கராகச் சேர்ந்துவிட்டேன். ஸ்டோர்ச் சாவி என் இடுப்பில் தொங்கும். அந்த ஒரு கொத்துச் சாவிக்கே என்ன மிடுக்கு! பூந்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் ஓர் அக்கா. சுவருக்கு நேர் கீழே, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற லயத்தில்தான் அவர் குடும்பம். மழை தொடங்குமுன் ஒவ்வோர் ஓட்டையிலும் கம்பியை விட்டு, அடைத்திருக்கும் மண்ணையும் வேரையும் இழுத்துப் போடுவார். யாரும் சொல்லி அவர் அதைச் செய்ததில்லை.

முதல் கல்யாண விருந்துக்காக, ஓட்டைகளைச் சீமெந்தால் அடைத்துச் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னார் மனேஜர். படத்தில் கறை விழக்கூடாதாம். உத்தரவை எழுதி மேசனிடம் கொடுத்தவன் நான்தான். விருந்து முடிந்து, மழை பிடித்த மூன்றாம் நாள் காலையில் அக்கா ஸ்டோர் வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, தண்ணி போக வழியில்லாம செவரு வயிறு தள்ளுதுங்க. கீழ புள்ளைங்க இருக்குதுங்க. அந்த அலவாங்க கொஞ்சம் குடுங்க."

"மனேஜர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேங்க. அடுத்த விருந்து முடியட்டும்ங்கிறாரு."

மூலையில் சாத்தியிருந்த அலவாங்கை, அந்தக் கனத்த கடப்பாரையை, எடுத்துக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் எல்லா ஓட்டைகளையும் குத்தித் திறந்துவிட்டார். தேங்கியிருந்த தண்ணீர் பீச்சியடித்து, வெள்ளைச் சுவர் முழுக்கச் சேறு.

மறுநாள் விசாரணை. அலவாங்கை யார் கொடுத்தது என்று மனேஜர் கேட்டபோது நான் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"ஸ்டோரு தொறந்து கெடந்துச்சுங்க. நாந்தான் கேக்காம எடுத்தேன்" என்றார்.

அவரைப் பூந்தோட்டத்திலிருந்து எடுத்துக் கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பினார்கள். அந்த மாதம் விடாமல் மழை. சுவர் அசையவில்லை, லயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயம். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

போன வாரம், புதிதாக வந்திருக்கும் மனேஜர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ஓட்டையெல்லாம் அடைச்சிடலாமே?" என்றார்.

"கூடாது சேர்" என்றேன். நடந்ததை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். அலவாங்கு கொடுத்தவன் நான்தான் என்பதையும் சொன்னேன்.

அவர் என் தோளில் தட்டினார். "நல்ல வேலைதானே செஞ்சிருக்கீங்க! அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தப் பாராட்டும் எனக்கே வந்து சேர்ந்தது.

அந்நேரம், பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த அக்கா, கீழே சுவரருகில் நின்றார். ஓர் ஓட்டைக்குள் விரலை விட்டு, நீண்ட வேர் ஒன்றை இழுத்துப் போட்டுவிட்டு நடந்தார்.