இன்ஸ்பெக்டர் வரும் நாளில் அடுக்களைக்குப் போனவள்

இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. முதலில் அவர்கள் மேல். அப்புறம், அதைவிடக் கூடுதலாக, என் மேல்.

நாடு சுதந்திரம் வாங்கிய வருஷம் நாகர்கோவில் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு ரேந்தை சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தேன். திண்டில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற லேஸைத்தான் எங்கள் ஊரில் ரேந்தை என்போம். அம்மாவிடம் படித்தது. மற்றப் படிப்பு மூன்றாம் கிளாஸோடு முடிந்தது.

பிள்ளைகள் என்னை டீச்சர் என்று கூப்பிடும். கூப்பிடும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். இரவல் சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி.

வருஷத்துக்கு ஒருமுறை திருவனந்தபுரத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வருவார்; அப்போது எங்கள் பக்கம் அந்த ராஜ்யத்தோடு இருந்தது. சர்ட்டிபிக்கேட் இல்லாத ஆளை அவர் பார்த்துவிடக் கூடாது என்று பெரிய டீச்சருக்குப் பயம். அதனால் அன்று தையல் டீச்சர் என் இடத்தில் உட்காருவாள். அவளுக்குச் சர்ட்டிபிக்கேட் உண்டு, ரேந்தை தெரியாது. கையை எப்படி வைக்க வேண்டும் என்று முந்தின நாள் நானே காட்டிக்கொடுப்பேன்.

"குச்சிய உருட்டுனாப் போரும்க்கா, அவருக்கு என்ன தெரியப் போவுது" என்று சிரிப்பாள். நல்ல பெண்தான். நானும் சிரிப்பேன். மறுநாள் கார் சத்தம் கேட்டதும் எழுந்து போர்டிங் பிள்ளைகளுக்குச் சமைக்கிற அடுக்களைக்குப் போய் மரச்சீனிக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பேன். யாரும் சொல்லாமலே! சொல்லி அனுப்பியிருந்தால்கூட இவ்வளவு ஆத்திரம் இருக்காது.

இப்படியே வருஷங்கள் போயின. ஒரு வருஷம் தையல் டீச்சரைத் தலைப்பிரசவத்துக்கு அருமனையிலுள்ள தாய்வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஏழாம் மாசத்து வழக்கம் இன்ஸ்பெக்டருக்காக நிற்குமா? இந்தத் தடவை நான் எழுந்திருக்க வேண்டியிருக்காது என்று மனசுக்குள் ஓர் ஆசை. துவைத்த வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போனேன்.

பெரிய டீச்சர் வந்தார்கள். பின்னாலேயே கணக்கு வாத்தியார்.

"ஏட்டி மக்கா, எந்திரி. சார் இங்க இருக்கட்டு."

"சாரா?"

"அவரு டிரெயினிங் முடிச்சவருல்லா. கொஞ்ச நேரந்தானே."

"இந்தக் கம்பையெல்லாம் வச்சு நான் என்ன செய்யணும்?" என்று வாத்தியார் என்னிடமே கேட்டார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தையல் டீச்சரையாவது ஊசி பிடித்த கை என்று சொல்லலாம். மீசை வைத்த ஆள் உட்கார்ந்தாலும் பரவாயில்லை, நான் மட்டும் உட்காரக்கூடாது! கள்ளி மாதிரி ஒளிந்துகொண்டிருந்தது நான். கள்ளம் செய்தது இவர்கள்.

"நான் எந்திரிக்க மாட்டேன், டீச்சர்."

"என்னட்டி சொல்லுக? கார் வந்தாச்சு!"

"வரட்டு."

"பள்ளிக்கூடத்துக்குல்லா கேடு."

"சாரு ரேந்தை பின்னுனா கேடு இல்லியோ?"

வாத்தியார்தான் முதலில் சிரித்தார். "நான் போறேன்" என்று விறுவிறுவென்று நடையைக் கட்டினார்.

உள்ளே வந்த இன்ஸ்பெக்டர் மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். "எதுவரை படிச்சு?"

"மூணாங்கிளாஸ்."

"இவங்களுக்கு ஆரு படிப்பிக்குன்னது?"

"நான்தான்."

ஒரு பிள்ளையின் திண்டைக் குனிந்து பார்த்தார். அப்படியே அடுத்த வகுப்புக்குப் போனார். பாராட்டவும் இல்லை, விரட்டவும் இல்லை. அவ்வளவுதான். இந்த அரை நிமிஷத்துக்கா இத்தனை வருஷம் கூனிக்குறுகினேன்!

பெரிய டீச்சர் சம்பளப் புத்தகத்தில் எதையும் மாற்றவில்லை. எனக்குச் சம்பளம் கடைசிவரை உதவியாள் என்றுதான் வந்தது. அது அவர்களுடைய வெட்கக்கேடு.

அடுத்த வருஷம், இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள், தையல் டீச்சர் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பழக்கத்தில், என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"யக்கா, நாளைக்கு நான் இருக்கணுமா?"

"கத்துக்கிடணும்னா இரு. பாய் அங்க கெடக்கு," என்றேன். "டீச்சர் நானாக்கும்."